முதல் பனியில் ஸ்கீ: வடசென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் நின்றுகொண்டு "மணாலி போறேன்" என்று சொன்னால், "பஸ்லயா, ஷேர் ஆட்டோவுலயா?" என்றுதான் கேட்பார்கள். நமக்கு மணலி என்றால் சுத்திகரிப்பு ஆலை, வரிசையாக டேங்கர் லாரி, அந்த வாசனை. இது இமாச்சலத்தில் இருக்கிற மணாலி, அங்கே ஸ்கீ பண்ணப் போகிறேன் என்று விளக்கிய பிறகு எங்கள் பெரியம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பனியில போய் வழுக்கி வுழறதுக்கு அம்மாம் துட்டா?"

அதற்கு இன்னும் என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் நாலைந்து குளிர்காலம் போய்வந்து, அதில் இரண்டு முறை டிசம்பரிலேயே அவசரப்பட்டுப் போய் மாட்டிக்கொண்டதில், சீசன் ஆரம்பத்தைப் பற்றிச் சொல்ல நிறையவே இருக்கிறது. முதல் பனி விழுந்த செய்தி வந்ததும் பையைத் தூக்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒரு சின்ன விஷயம். தமிழில் ‘பனி’ என்றால் மார்கழி விடியற்காலையில் ஓட்டு மேல் படிகிற ஈரமும் பனிதான், காஷ்மீரில் இடுப்பளவு குவிவதும் பனிதான். இங்கே நான் பனி என்று சொல்வதெல்லாம் இரண்டாவது வகை.

படி 1: தேதியை முடிவு செய்வது

நமக்கு மழை கிழக்கிலிருந்து வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலில் ஒரு தாழ்வு உருவானால் காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். இமயமலையின் மேற்குப் பகுதிக்குக் குளிர்காலப் பனி எதிர்த்திசையிலிருந்து வருகிறது. மத்தியத் தரைக்கடல் பக்கம் பிறக்கிற தாழ்வுகள் மேலடுக்குக் காற்றோடு ஈரான், ஆப்கானிஸ்தான் தாண்டி வந்து காஷ்மீர், இமாச்சல், உத்தராகண்ட் மலைகளில் மோதும். வானிலைக்காரர்கள் இதை மேற்கத்திய இடையூறு என்பார்கள். ஆகவே சென்னையில் கொட்டுகிறதே, அங்கேயும் கொட்டும் என்று கணக்குப் போடாதீர்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

நவம்பரிலேயே உயரத்தில் வெள்ளை தெரிய ஆரம்பிக்கும். படம் எடுக்க அது போதும், ஸ்கீ பண்ணப் போதாது. காஷ்மீரிகள் டிசம்பர் 21 முதல் நாற்பது நாளைச் ‘சில்லாய் கலான்’ என்று தனியாகவே பெயர் வைத்துச் சொல்கிறார்கள். கடுங்குளிர்க் காலம். அந்த நாட்களில் விழுகிற பனிதான் உருகாமல் நின்று அடித்தளமாகும்.

என் கணக்கு எளிது: அரையாண்டுத் தேர்வு லீவில் போகாதீர்கள், பொங்கல் லீவில் போங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் அறை வாடகை உச்சத்தில் இருக்கும், பனி தரைமட்டத்தில் இருக்கும், கூட்டமோ ரங்கநாதன் தெருவைத் தோற்கடிக்கும். மூன்று வாரம் பொறுத்தால் மூன்றுமே பெரும்பாலும் நமக்குச் சாதகமாகத் திரும்பும்.

பெரும்பாலும் என்றுதான் சொன்னேன். 2024 ஜனவரியில் குல்மார்க் மொட்டையாகக் கிடந்தது. காய்ந்த புல்வெளியில் சுற்றுலாப் பயணிகள் நின்று படம் எடுத்துக்கொண்டதை எல்லாச் செய்தியிலும் காட்டினார்கள். நல்ல பனி வந்தது மாதக் கடைசியில்தான். அடுத்த வருஷம் குல்மார்க்கில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைப் பிப்ரவரியில் பனி போதவில்லை என்று மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். அரசாங்கத்தின் தேதிக்கே அடங்காத பனி நம் லீவு லெட்டருக்கு அடங்காது.

அதனால் டிக்கெட்டை ரத்து செய்யக்கூடிய மாதிரி போடுங்கள். இடையூறு எப்போது வரும் என்று வானிலைத் துறையின் ஸ்ரீநகர் மையம் நாலைந்து நாள் முன்பே ஓரளவு சொல்லிவிடும். ரயிலென்றால் சென்ட்ரலிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு, டெல்லி. 2025 ஜூனிலிருந்து கட்ராவிலிருந்து ஸ்ரீநகர் வரைக்கும் ரயில் ஓடுகிறது. சாலை அடைபட்டால் நடுவழியில் உட்கார்ந்திருக்க வேண்டிய பழைய கஷ்டம் இதனால் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

படி 2: எந்த மலை

மூன்று இடம்தான் நமக்கு நடைமுறையில் தேறும்.

சீசன் ஆரம்பத்தில் நம்பிப் போகக்கூடியது குல்மார்க். ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். கிராமமே 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோண்டோலா என்கிற ரோப்காரின் முதல் கட்டம் காங்டூரி வரை, ஏறத்தாழ 3,100 மீட்டர். இரண்டாம் கட்டம் அஃபர்வாத் மலையின் தோள்பட்டை வரை, கிட்டத்தட்ட 3,950 மீட்டர். கீழே புல் தெரிந்தாலும் மேலே பனி இருக்கும் என்பது இந்த உயரத்தால்தான். ஆனால் மேலே இருப்பது கற்றுக்குட்டிக்கான இடமே இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

அவுலி உத்தராகண்டில், ஜோஷிமட்டுக்கு மேலே. சரிவு 2,500 முதல் 3,050 மீட்டர் வரை. குல்மார்க்கைவிட மென்மையான சரிவுகள், எதிரே நந்தா தேவி, கற்றுக்கொள்ள அருமையான இடம். அரசின் சுற்றுலாக் கழகம் 7 நாள், 14 நாள் பயிற்சி நடத்துகிறது. ஆனால் ரிஷிகேஷிலிருந்து ஒரு முழு நாள் மலைப்பாதை. 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் அமிழ்ந்தபோது அங்கிருந்து போகும் ரோப்கார் நின்றது, ஆகவே மேலே எப்படி ஏறுவது என்பதைக் கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். டிசம்பரில் அவுலியை நம்பாதீர்கள். நான் நம்பினேன்.

மூன்றாவது, மணாலிக்குப் பக்கத்தில் இருக்கும் சோலாங். உயரம் குறைவு, டிசம்பரில் பெரும்பாலும் மண்ணும் பனியும் கலந்த சேறு. அடல் சுரங்கப்பாதை திறந்தபிறகு, அதாவது 2020 அக்டோபருக்குப் பின், ஒன்பது கிலோமீட்டர் உள்ளே போய் வெளியே வந்தால் லாஹௌல். அந்தப் பக்கம் பனி முன்னாலேயே நிற்கும், ஆனால் லிஃப்ட் வசதி எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

வெளிநாட்டில் அக்கா, மாமா இருக்கிறவர்களுக்கு இரண்டு வரி. அங்கே பெரிய ரிசார்ட்டுகள் இயந்திரத்தால் பனி செய்து சீசனைத் திறக்கும். ஈரக்குமிழ் வெப்பநிலை (காற்றின் ஈரத்தையும் கணக்கில் சேர்த்த வெப்பநிலை) மைனஸ் 2 டிகிரி அளவுக்கு இறங்கினால்தான் அந்த இயந்திரம் வேலை செய்யும், அதாவது காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு நல்லது. ‘திறந்துவிட்டோம்’ என்று அறிவிப்பது சில சமயம் ஒரே ஒரு ஒல்லியான வெள்ளைப் பட்டைதான், இரண்டு பக்கமும் செம்மண். அந்த ஒரு பட்டையில் ஊரே இறங்கும். நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்கே மோதல் பயம், புதியவர் அந்த வாரம் போகவே வேண்டாம்.

படி 3: பனியின் கனத்தைப் படிப்பது

இதுதான் முக்கியமான படி. இங்கே ஏமாறாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

நம் செய்தியில் "எண்ணூரில் 10 செ.மீ. மழை" என்று வரும். அதே அளவு நீர் குளிர்ந்த மலையில் பனியாக விழுந்தால் தோராயமாக ஒரு மீட்டர் நிற்கும். பத்துக்கு ஒன்று என்பது பொதுவான கணக்கு. ஆனால் அந்த ஒரு மீட்டர் அப்படியே நிற்காது. காசிமேட்டில் ஐஸ் பாரை உடைத்து மீன் பெட்டியில் கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கொட்டும்போது பெட்டி நிறைந்து வழியும். விடிவதற்குள் இறங்கி, ஒட்டி, ஒரே கட்டியாகிவிடும். பனியும் அப்படித்தான். நேற்று 40 செ.மீ. விழுந்தது என்ற செய்தி நமக்கு உதவாது. அது இறங்கி எவ்வளவாக நிற்கிறது, அதற்கு அடியில் பழைய பனி எவ்வளவு, இதுதான் கேள்வி.

எங்கள் நைனாவுக்குத் தெரிந்த ஒரு மீனவர் இதை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டார். "மேல தண்ணி எவ்ளோ அழகா இருந்தா இன்னா, அடியில பார் இருந்தா வல போச்சு" என்றார். பார் என்றால் கடலுக்கடியில் இருக்கும் பாறை. கரையிலிருந்து பார்த்தால் தெரியாது, தெரிந்தவன் சுற்றிக்கொண்டு போவான். சீசன் ஆரம்பத்துப் பனி முழுக்கப் பார்தான். இருபது செ.மீ. வெள்ளைக்குக் கீழே கல், தேவதாரு அடிக்கட்டை, வேலிக் கம்பி, இன்னும் உறையாத ஓடை. ஜனவரிக் கடைசியில் இவையெல்லாம் ஆழத்தில் புதைந்துவிடும். டிசம்பரில் சரியாகக் கணுக்கால் உயரத்தில் காத்திருக்கும்.

எவ்வளவு இருந்தால் போதும்? புல்வெளிச் சரிவென்றால், அழுந்தி நிற்கிற பனி ஒரு சாண் கனத்துக்கு மேல், அதாவது 30 செ.மீ. வாக்கில் இருந்தால் கற்றுக்கொள்ள ஆரம்பிக்கலாம். கல்லும் புதரும் நிறைந்த மேல்சரிவுக்கு ஒரு மீட்டருக்குக் குறைந்தால் நான் இறங்க மாட்டேன்.

போன் பண்ணிக் கேட்கும்போது "பனி இருக்கா?" என்று கேட்காதீர்கள். இருக்கு என்றுதான் சொல்வார்கள், அவர்களுக்கும் பிழைப்பு நடக்க வேண்டுமே. இப்படிக் கேளுங்கள்: கற்றுக்கொடுக்கிற சரிவில் புல் நுனி தெரிகிறதா? காங்டூரியில் எவ்வளவு, கீழே எவ்வளவு? கடைசியாக விழுந்து எத்தனை நாளாச்சு? அதற்குப்பிறகு வெயிலா, மேகமா? இந்தி ஓரளவு வரும் என்றால் "பரஃப் கே நீச்சே பத்தர் ஹை க்யா?" என்ற ஒற்றைக் கேள்வி போதும். அடியில் கல் இருக்கிறதா என்று கேட்கிறவனிடம் ‘ஃபுல் ஸ்னோ சார்’ கதை விடத் தயங்குவார்கள். படம் அனுப்பச் சொன்னால், பாதையோரமும் கூரையும் தெரிகிற மாதிரி இன்றைய படம் கேளுங்கள். கூரை மேல் கனம் தெரியும். வெறும் மலையைக் காட்டும் படத்தில் எதுவும் தெரியாது.

படி 4: உடம்பு

கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பே ஆரம்பிக்க வேண்டும். வடசென்னையில் இதற்கு வசதி அதிகம் என்பேன், சிரிக்காதீர்கள். ஸ்கீ நிலை என்பது பாக்ஸிங் நிலையின் தம்பி. முட்டி மடிந்து, எடை பாதத்தின் முன்பக்கம், கை முன்னால், பார்வை எதிரே. நம் பகுதியில் ஏதாவது ஒரு குத்துச்சண்டைக் கூடத்தில் ஒரு மாதம் கால் வேலை மட்டும் பழகினால், மலையில் முதல் நாளே வித்தியாசம் தெரியும். பயம் வந்ததும் எல்லோரும் பின்னால் சாய்வார்கள், சாய்ந்தால் ஸ்கீ ஓடிவிடும். முன்னால் நிற்கப் பழகிய உடம்பு அந்தத் தப்பைச் செய்யாது.

கூடமெல்லாம் வேண்டாம் என்றால் மாடிப்படி. ஏறுவதைவிட இறங்குவதுதான் தொடையைத் தயார் செய்யும். நாலு மாடி, மெதுவாக, பத்து முறை. சுவரில் முதுகை வைத்து நாற்காலி போல் உட்காருவதை ஒரு நிமிடத்திலிருந்து மூன்று நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள். அவ்வளவுதான்.

படி 5: சாமான்

உடையில் ஒரே விதி: பருத்தி வேண்டாம். வெயிலூரில் பிறந்த நமக்கு இது எதிர்மறையாகத் தோன்றும். பருத்தி பனியன் வேர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே இருக்கும், லிஃப்டில் உட்கார்ந்ததும் அந்த ஈரம் குளிர்ந்து எலும்பைத் தொடும். உடம்போடு ஒட்டிய செயற்கை இழை அல்லது கம்பளி உள்ளாடை, நடுவில் ஃப்ளீஸ், மேலே தண்ணீர் புகாத ஜாக்கெட், பேண்ட். மூன்று அடுக்கு. காலுக்கு ஒரே ஒரு நல்ல கம்பளிச் சாக்ஸ், இரண்டு போட்டால் பூட்ஸ் இறுகி ரத்தம் ஓடாமல் விரல் இன்னும் குளிரும். கையுறை இரண்டு ஜோடி, ஏனென்றால் ஒன்று நனைந்தே தீரும். கண்ணாடி கட்டாயம். புதுப் பனி புற ஊதாக் கதிரில் எண்பது சதவீதம் வரை திருப்பி அடிக்கும், மூக்கின் அடிப்பக்கம்கூடக் கருகும். நாம்தான் ஏற்கெனவே கறுப்பு என்று சன்ஸ்கிரீனை விடாதீர்கள். அது நான் செய்த இன்னொரு முட்டாள்தனம்.

ஸ்கீ, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் அங்கேயே வாடகைக்கு. சீசன் ஆரம்பத்தில் கடைக்காரர் புது ஸ்கீயை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லி, தேய்ந்த பழசைக் கேளுங்கள். கல்லில் உரசினால் மனசு வலிக்காத ஸ்கீ. அனுபவசாலிகள் டிசம்பருக்கென்றே ஒரு பழைய ஜோடி வைத்திருப்பார்கள். ஆனால் விளிம்புக் கம்பி மட்டும் கூராக இருக்க வேண்டும், நகத்தை அதில் லேசாக இழுத்தால் சீவ வேண்டும். மழுங்கிய விளிம்பு காலை நேரக் கட்டிப் பனியில் பிடிக்காது.

பூட்ஸ் மாட்டும் பைண்டிங்கில் ஒரு எண் இருக்கும். எவ்வளவு அழுத்தத்தில் பூட்ஸைக் கழற்றிவிட வேண்டும் என்பதற்கான எண் அது. உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸ் நீளம், அனுபவம் கேட்டுத்தான் அதை வைக்க வேண்டும். கேட்காமலே திருகிக் கொடுத்தால் நீங்கள் கேளுங்கள். கல்லில் ஸ்கீ சிக்கி நிற்கும்போது கழன்றால் ஸ்கீ போகும், கழலாவிட்டால் முட்டி போகும்.

அப்புறம் போன். வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டாக மாற்றிக்கொண்டு போங்கள், இல்லையென்றால் வீட்டில் முதல் நாளே அழுகைச் சத்தம்தான்.

வாங்கும்போதே ஸ்கீயின் அடிப்பக்கத்தை இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

படி 6: முதல் நாள், இரண்டாம் நாள்

ராயபுரத்திலிருந்து வருகிற நாம் கடல்மட்டத்து ஆட்கள். முதல் நாள் குல்மார்க் வந்து சேர்ந்ததும் நேராகக் கோண்டோலா ஏறி 3,950 மீட்டரில் போய் இறங்குவது உடம்புக்குச் செய்கிற அநியாயம். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் அது உயர நோயின் ஆரம்பம். முதல் இரவு கிராமத்தில் தூங்குங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், மதுவைத் தள்ளிவையுங்கள். தலைவலி கூடிக்கொண்டே போனால் மாத்திரை போட்டு மேலே போகாமல் கீழே இறங்குங்கள்.

கீழே இருக்கும் புல்வெளிச் சரிவில் ஒரு பயிற்சியாளரோடு தொடங்குங்கள். முதலில் விழப் பழகுவது: பக்கவாட்டில், இடுப்பு பக்கமாக, கையை ஊன்றாமல். பிறகு இரண்டு ஸ்கீயின் நுனியையும் சேர்த்து, வால்பக்கம் விரித்து, ஏரைப் போல வைத்து நிற்பது. இந்த ஏர் நிலையில் எங்கே நினைத்தாலும் நிற்க முடிகிறது என்ற நிலை வரும்வரை வேறெதுவும் கற்காதீர்கள். வழக்கமான சீசனில் இதை அரை நாளில் தாண்டிவிடுவார்கள். ஆரம்ப சீசனில் இரண்டு நாள் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் திடீரென்று முன்னால் கல் தெரியும்போது அழகான திருப்பம் உதவாது, நிற்பதுதான் உதவும்.

நேரம் முக்கியம். முந்தின நாள் வெயிலில் இளகியது இரவில் உறைந்து, காலையில் கண்ணாடி மாதிரி இருக்கும். பத்து, பதினொரு மணிக்கு மேல்பக்கம் கொஞ்சம் இளகும், அதுதான் நல்ல நேரம். மூன்று மணிக்கு மேல் நிழல் விழுந்தால் மறுபடி கட்டி, வெளிச்சமும் தட்டையாகி மேடு பள்ளம் தெரியாது. பெரும்பாலான எலும்பு முறிவுக் கதைகள் "கடைசியா ஒரே ஒரு ரவுண்டு" என்றுதான் ஆரம்பிக்கின்றன.

பனியின் நிறத்தைப் பார்க்கப் பழகுங்கள். வெள்ளைக்குள் லேசான பழுப்பு தெரிந்தால் அடியில் புல் நெருங்கிவிட்டது. தனியாக ஒரு சின்ன மேடு தெரிந்தால் அது பனி மேடு அல்ல, கல்லின் தலை. நீல மினுமினுப்பு என்றால் ஐஸ். புதுப் பனி அழகாக மூடிக் கிடக்கிற, யாரும் போகாத இடம்தான் கண்ணை இழுக்கும். அங்கே யாரும் போகாததற்கு ஒரு காரணம் இருக்கும். முதல் வாரங்களில் பல பேர் போய் அழுந்திய தடத்திலேயே போங்கள். இன்னொன்று: பனி இருக்கிற இடம் கொஞ்சம் என்பதால் ஸ்லெட்ஜ் இழுப்பவர், குதிரை, படம் எடுக்கும் குடும்பம், நீங்கள் எல்லோரும் ஒரே துண்டில்தான். உங்களுக்குக் கீழே இருப்பவருக்குத்தான் முன்னுரிமை. அவர் உங்களைப் பார்க்க மாட்டார்.

படி 7: கயிற்றுக்கு வெளியே

குல்மார்க்கின் இரண்டாம் கட்டத்தில் இறங்கினால் சமன் செய்த ஓடுதளம் என்று எதுவும் கிடையாது. முழு மலை. ரோந்துக் குழு பார்த்து, வெடி வைத்து, பாதுகாப்பு என்று திறந்துவிடும் பகுதி ஒன்று. அதன் எல்லையில் கட்டியிருக்கும் கயிற்றைத் தாண்டினால் உங்கள் பொறுப்பு.

2010 பிப்ரவரி 8 அன்று கிலன்மார்க்கில் பயிற்சியில் இருந்த ராணுவ வீரர்கள் 17 பேரைப் பனிச்சரிவு கொன்றது. மலைப்போர்ப் பள்ளியைச் சேர்ந்தவர்கள், மலையையே தொழிலாகக் கொண்டவர்கள். 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வாத்தில் போலந்துக்காரர்கள் இரண்டு பேர். 2024 பிப்ரவரி 22 அன்று ஒரு ரஷ்யர். இவை நடு சீசனில் நடந்தவை. அப்படியானால் டிசம்பரில் பனியே கொஞ்சம்தானே, சரிவதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றும். இங்கேதான் முதல் பனியின் சூழ்ச்சி.

தரை ஏறத்தாழ பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கும். மேலே இரவுக் காற்று மைனஸ் 12 என்று வைத்துக்கொள்வோம். பனி 40 செ.மீ. மட்டும் என்றால், ஒரு மீட்டருக்கு 30 டிகிரி வீதம் வெப்பநிலை மாறுகிறது. பத்து டிகிரியைத் தாண்டினாலே பனிக்குள் இருக்கும் நீராவி கீழிருந்து மேலே நகர்ந்து, ஒட்டிக்கொள்ளும் மென்மையான துகளைக் கோணம் கோணமான படிகமாக மாற்றிவிடும். ஒன்றரை மீட்டர் பனி இருந்தால் அதே குளிரில் எட்டு டிகிரிதான் வரும், ஒன்றும் ஆகாது. ஆக, பனி எவ்வளவு மெலிசோ அவ்வளவு வேகமாக அது உள்ளுக்குள் கெட்டுப்போகிறது. நவம்பரில் வடக்குப் பார்த்த சரிவில் விழுந்து, பிறகு மூன்று வாரம் தெளிந்த வானமாக இருந்தால், அது கையில் அள்ளினால் கல் உப்பு மாதிரி சரசரவென்று உதிரும். அத்திப்பட்டுப் பக்கம் உப்பளத்தில் குவித்திருப்பார்களே, அந்த உதிர்வு. பந்து பிடிக்க முடியாது.

அதன்மேல் ஜனவரியில் ஒரு பெரிய பனிப்பொழிவு வந்து கனமான பலகையாகப் படிந்தால் என்ன ஆகும்? வீட்டில் நான் இதைச் செய்து காட்டினேன். முறத்தில் ஒரு படலம் சர்க்கரை, அதன்மேல் லேசாக அழுத்திய மைதா இரண்டு விரற்கடை. மெதுவாகச் சாய்த்தால் ஒரு கட்டம் வரை ஒன்றுமே நடக்காது. விரலால் ஒரு தட்டு. மொத்த மைதாவும் ஒரே பலகையாகப் பிளந்து தரைக்கு வந்தது. பெரியம்மா சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஆனால் மலையில் அந்த விரல் தட்டு நீங்கள்தான். சிக்கிச் சாகிறவர்களில் மிகப் பெரும்பாலானோரின் பனிச்சரிவை அவர்களோ அவர்கள் கூட வந்தவரோதான் கிளப்பியிருப்பார்கள்.

எந்தச் சாய்வு ஆபத்து? முப்பதிலிருந்து நாற்பத்தைந்து டிகிரி. கற்பனை செய்ய மாடிப்படியே போதும். ஆறு அங்குல உயரம், பத்து அங்குல அகலம் உள்ள சாதாரண படிக்கட்டு 31 டிகிரி. பழைய வீடுகளில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறும் குறுகலான படி நாற்பதைத் தொடும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சரிவுதான் ஆளைக் கொல்கிறது, துரதிர்ஷ்டம் என்னவென்றால் ஸ்கீ பண்ண ஆசை வருவதும் அதே சாய்வில்தான். போனிலேயே சாய்வு அளக்கலாம், ஸ்கீ கம்பைச் சரிவில் படுக்கவைத்து அதன்மேல் வையுங்கள். நீங்கள் நிற்கும் இடம் சமதளமாக இருந்தாலும் தலைக்கு மேலே செங்குத்து இருந்தால் அது உங்கள் மேல்தான் வரும்.

ஆரம்ப சீசனில் கயிற்றுக்கு வெளியே போவதானால் நான் வைத்திருக்கும் நிபந்தனைகள் இவை. உள்ளூர் வழிகாட்டி, அதுவும் போன வாரமும் அதே சரிவில் இருந்தவர். ஒவ்வொருவரிடமும் 457 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸீவர் (புதைந்தவரைத் தேட உதவும் ரேடியோ கருவி), துழாவுகோல், உலோக மண்வெட்டி. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் மற்ற இரண்டும் வீண். கிளம்புமுன் அரைமணி நேரம் தேடிப் பழக வேண்டும், ஏனென்றால் புதைந்தவருக்குக் கிடைப்பது கால்மணி நேரம்தான், அதற்குப்பின் பிழைக்கும் வாய்ப்பு மளமளவென்று இறங்கும். அந்த நேரத்துக்குள் கீழிருந்து யாரும் வந்து சேர மாட்டார்கள், பக்கத்தில் நிற்கிற நண்பர்தான் தோண்ட வேண்டும். பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் கீழ் சண்டிகரிலிருந்து இயங்கும் புவித்தகவலியல் ஆராய்ச்சி நிலையம் (DGRE) மாவட்டவாரியாகப் பனிச்சரிவு எச்சரிக்கை விடும். அதைக் காலையில் பார்க்காமல் பூட்ஸ் மாட்டாதீர்கள்.

மலையே சொல்லும் அடையாளங்களும் உண்டு. கால் வைத்ததும் சுற்றிலும் ‘வும்ஃப்’ என்று அமுங்கும் சத்தம். ஸ்கீ நுனியிலிருந்து கண்ணாடி போல் விரிசல் ஓடுவது. பக்கத்துச் சரிவில் நேற்று விழுந்த புதுப் பனிச்சரிவின் தடம். காற்று ஒரு பக்கத்துப் பனியை அள்ளி மறுபக்கம் கொண்டுபோய்த் தலையணை மாதிரி அடுக்கியிருப்பது. இதில் ஒன்றைப் பார்த்தாலும் திரும்பிவிட வேண்டும். பேச்சு வார்த்தையே கிடையாது. ஒருமுறை எங்கள் வழிகாட்டி பாய் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்த தடத்திலேயே நடக்க ஆரம்பித்தார். பணம் கட்டியிருக்கிறோமே என்று எங்களில் ஒருவன் முனகினான். பாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று மதியம் காங்டூரியில் சூடான கஹ்வா குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், முனகினவன் இரண்டு கப் குடித்தான்.

சீசன் ஆரம்பத்தில் இன்னொரு தனி ஆபத்து ஓடைகள். மெல்லிய பனிப் பாலம் மேலே மூடியிருக்கும், அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். பள்ளத்தாக்கின் அடியில் சத்தம் கேட்டால் கேட்ட இடத்தைச் சுற்றிப் போங்கள்.

கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் காற்றினாலோ பனிச்சரிவு அபாயத்தினாலோ மூடியிருந்தால், "நான் வேற வழியில கூட்டிட்டுப் போறேன்" என்று ஒருவர் வருவார். எப்போதும் வருவார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கீழ்ச் சரிவுக்குப் போங்கள்.

படி 8: திருப்பிக் கொடுக்கும்போது

அவுலியில் என் முதல் டிசம்பரில், ‘பனி நன்றாக இருக்கிறது’ என்ற ஒரு ஏஜென்ட்டின் வார்த்தையை நம்பிப் போனேன். இரண்டாவது நாள் புல்லுக்கு நடுவில் ஒளிந்திருந்த கல்லில் ஏறினேன். கரும்பலகையில் ஆணியால் கீறுகிற சத்தம். ஸ்கீயின் அடியில் ஒரு நீளக் கோடு. திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் அந்தக் கோட்டோடு ஏற்கெனவே இருந்த இன்னும் நாலு கோட்டையும் என் கணக்கில் எழுதினார். என்னிடம் படம் இல்லை. முழுத் தொகையையும் கட்டினேன்.

ஆகவே வாங்கிய அன்று எடுத்த படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, ஸ்கீயைத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பி, அவரோடு சேர்ந்தே பாருங்கள். புதிதாக விழுந்த கீறல் உங்களுடையது, அதற்குப் பேரம் பேசிக் கட்டுங்கள். முன்பணம் கைக்கு வந்த பிறகு பூட்ஸைக் கழற்றுங்கள்.